ஜிம் நடத்துகிறேன், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

#1 இரண்டாம்மாடி

வணக்கம். ஐந்து வருடமாக ஒரு நடுத்தர ஜிம் நடத்துகிறேன். முதல் இரண்டு வருடம் வாடகை கட்டுவதற்கே நாக்கு தள்ளிவிட்டது. இப்போது சொந்தக் காலில் நிற்கிறது. கிட்டத்தட்ட 300 மெம்பர்கள், நான்கு டிரெய்னர்கள், நான். கையில் கொஞ்சம் மிச்சம் நிற்க ஆரம்பித்ததும், இந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள்தானே நம்மைத் தூக்கிவிட்டார்கள், திருப்பி ஏதாவது செய்ய வேண்டாமா என்று மனம் அரிக்கிறது.

நான் யோசித்து வைத்திருப்பது: வருடத்துக்கு ஒரு பெரிய நாள். ஞாயிற்றுக்கிழமை காலை 10 கிலோமீட்டர் ஓட்டம். எல்லோருக்கும் டி-ஷர்ட், மெடல், ஒரு மேடை. நுழைவுக் கட்டணமாக வருவதைக் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குக் கொடுப்பது. அப்புறம், புது மெஷின்கள் வருகின்றன, பழைய டிரெட்மில் மூன்றைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம்.

இப்படிச் செய்தவர்களும், செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களும் பேசுங்கள். பாராட்டு வேண்டாம். திட்டினாலும் சரி.

#2 காலைப்பனி

பாராட்டு வேண்டாம் என்றதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன் அண்ணா.

நிதி ஓட்டம் நடத்தும் குழுவில் இரண்டு முறை இருந்திருக்கிறேன். முதல் தடவை 400 பேர் பதிந்தார்கள். டி-ஷர்ட், மெடல், மேடை, ஒலிபெருக்கி, தடுப்புக் கம்பி, நேரம் அளக்கும் சிப், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பில் கட்டிவிட்டுப் பார்த்தால், இல்லத்துக்கென்று மிஞ்சியது வசூலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தவருக்குத்தான் அன்றைக்கு நல்ல வரும்படி. அந்த டி-ஷர்ட்டை இப்போது வண்டி துடைக்க வைத்திருக்கிறேன்.

ஓட்டம்தான் வேண்டும் என்றால் பார்க்ரன் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் ஆரம்பித்தது. அடிபட்டு ஓட முடியாமல் இருந்த சமயம், ஓட்டக்கார நண்பர்களோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று தொடங்கினார். முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர். இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. வாரா வாரம் 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, மெடல் இல்லை, களத்தில் நடத்துவது தன்னார்வலர்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: எல்லோருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். அதனால் மற்ற யாரும் கடைசி ஆளாக வந்து சேர வேண்டியதில்லை.

இதற்கு உங்களுக்குத் தேவை ஒரு பாதை, சில ஆட்கள், இடத்துக்கு அனுமதி. மேடை வேண்டாம்.

#3 குதர்க்கம்

பெயருக்கேற்ற கேள்வி ஒன்று கேட்டுவிடுகிறேன். இது சேவையா, விளம்பரமா?

அமெரிக்காவில் பிளானட் ஃபிட்னஸ் என்ற பெரிய சங்கிலி ஜிம் கோடை விடுமுறையில் 14 முதல் 19 வயதுப் பிள்ளைகளை இலவசமாக விடுகிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. கோடை முடிந்ததும் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர், அவர்கள் பெற்றோரில் எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள் என்று அந்த நிறுவனம் கணக்குப் போடாமலா இருக்கும்? போடுவதும் தப்பில்லை. மார்க்கெட்டிங் செலவில் எழுத வேண்டியதைப் புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் ஓட்டத்தின் டி-ஷர்ட்டில் யார் பெயர் பெரிதாக இருக்கப்போகிறது, இல்லத்தின் பெயரா, ஜிம்மின் பெயரா?

#4 இரண்டாம்மாடி

@குதர்க்கம் உண்மையைச் சொன்னால், டிசைன் ஏற்கெனவே போட்டுவிட்டேன். முதுகு முழுக்க ஜிம் லோகோ. இல்லத்தின் பெயர் கைப்பக்கம்.

#5 காலைப்பனி

ஹா ஹா. அண்ணா இவ்வளவு நேர்மையாக இருந்தால் எப்படித் திட்டுவது?

இந்த லோகோ விஷயத்தில் டெர்ரி ஃபாக்ஸ் நினைவுக்கு வருகிறார். கனடாக்காரர், எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவர். 1980-ல் செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் இறந்துபோனார், வயது 22. ஓடும்போது தன்னை வைத்து ஒரு பொருளுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். 1981-லிருந்து அவர் பெயரில் வருடாவருடம் ஓட்டம் நடக்கிறது.

நாம் டெர்ரி ஃபாக்ஸ் ஆக முடியாது. லோகோவையாவது கைப்பக்கம் தள்ளலாம்.

#6 கணக்குப்புலி

தொழில் முறையில் கணக்குத் தணிக்கை செய்பவன். காசு விஷயத்தை மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

முன்பு நான் போய்க்கொண்டிருந்த ஒரு ஜிம்மில் (பெயர் வேண்டாம்) கவுண்டரில் உண்டியல் வைத்தார்கள். ஒரு சிறுமியின் சிகிச்சைக்கு என்று எழுதியிருந்தது. ஆறு மாதம் போட்டோம். எவ்வளவு சேர்ந்தது, யாரிடம் போனது என்று ஒருநாள் கேட்டேன். ‘ஓனர் பார்த்துக்கொள்கிறார் சார்’ என்றார்கள். அடுத்த மாதம் உண்டியலே இல்லை. அவர் திருடினார் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே இருந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர் நிஜமாகவே கொடுத்திருந்தாலும் அந்தப் பெயர் போகவில்லை.

ஆகவே தம்பி, முதல் வேலையாக, நன்கொடைப் பணம் உங்கள் கல்லாவைத் தொடவே வேண்டாம். அந்த இல்லத்தின் சொந்தக் கணக்கு எண்ணையோ கியூஆர் குறியையோ கவுண்டரில் ஒட்டுங்கள். மெம்பர் நேரே அனுப்பட்டும், ரசீது அவர் பெயருக்கே வரட்டும்.

உங்கள் பங்காக நீங்கள் கொடுப்பதை விற்றுமுதலில் இத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள், லாபத்தில் என்று சொல்லாதீர்கள். ஏன் என்றால், லாபம் என்பது எங்களைப் போன்ற ஆட்கள் ஏப்பம் விடக்கூடிய எண். புது மெஷின் வாங்கினேன், தேய்மானம் எழுதினேன் என்றால் அந்த வருடம் லாபமே இல்லாமல் போய்விடும். படகோனியா என்ற மலையேற்ற உடை நிறுவனத்தின் இவான் சுய்னார்டும் அவர் நண்பரும் 2002-ல் தொடங்கிய ‘ஒன் பர்சென்ட் ஃபார் தி பிளானட்’ அமைப்பில் சேரும் கம்பெனிகள் விற்பனையில் 1% கொடுக்க வேண்டும். லாபம் வந்தாலும் வராவிட்டாலும். 1% சின்னதாகத் தெரியும். கெட்ட வருடத்திலும் கொடுக்க வேண்டும் என்னும்போது அது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள். வந்தது, போனது, மீதி. தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், அங்கேதான் எல்லோரும் சும்மா நிற்பார்கள்.

#7 மாலைஷிஃப்ட்

நான் டிரெய்னர். ஓனர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முன்னால் வேலை பார்த்த இடத்தில் ‘சமூக சேவை சனிக்கிழமை’ என்று ஒன்று இருந்தது. பூங்காவில் இலவச வகுப்பு. காலை ஐந்தரைக்கு ஸ்பீக்கரையும் பாய்களையும் தூக்கிக்கொண்டு போவது நாங்கள். வகுப்பு எடுப்பது நாங்கள். திரும்பி வந்து எட்டு மணி ஷிஃப்ட்டில் நிற்பதும் நாங்கள். சம்பளத்தில் அந்த இரண்டு மணி நேரம் கிடையாது. ‘சேவைக்குப் போய்க் காசு கேட்பதா?’ என்பார் ஓனர். பேப்பரில் அவர் படம் வந்தது. எங்கள் வயிறு எரிந்தது.

ஒருவன் வரமாட்டேன் என்றான். அடுத்த மாதம் பர்சனல் டிரெய்னிங் கிளையன்ட் அவனுக்குக் குறைந்துபோனது.

செய்யுங்கள் சார். ஆனால் டிரெய்னர் நேரத்துக்குக் கூலி கொடுத்துச் செய்யுங்கள். விருப்பப்பட்டு இலவசமாக வருகிறேன் என்பவனை வரவிடுங்கள், வராதவன் முகத்தை மட்டும் பார்த்து வைக்காதீர்கள்.

#8 இரண்டாம்மாடி

@மாலைஷிஃப்ட் இதை நான் யோசிக்கவே இல்லை. ‘நம் டிரெய்னர்கள் வந்துவிடுவார்கள்’ என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். நாளைக்கு நால்வரையும் உட்கார வைத்துப் பேசுகிறேன். @கணக்குப்புலி சார், 1% ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

#9 விசில்

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. டிரெட்மில்லைக் கொண்டுவராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்களுக்கும் ஒருவர் கொடுத்தார். மாடிப்படியில் ஏற்றுவதற்கு எட்டுப் பேர். அதற்குத் தனியாக மின்சார லைன் இழுக்க வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். மூன்றாவது மாதம் பெல்ட் நழுவியது, சர்வீஸ் ஆள் கேட்ட கூலியைப் பார்த்துத் தலைமை ஆசிரியர் மெஷினைத் துணி போட்டு மூடச் சொன்னார். இப்போது அதன்மேல் நிலப்படங்கள் மாட்டியிருக்கிறோம். குழந்தைகளுக்கு ஓடுவதற்கு மெஷின் எதற்கு? மைதானம் இருக்கிறதே.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடல் இயக்கம் வேண்டும் என்கிறது. எங்கள் நேர அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிடுவார். எங்களுக்குத் தேவை ஆள். வாரத்தில் ஒரு சாயங்காலம், பளு தூக்குவதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவர். பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பெண் டிரெய்னராக இருந்தால் இன்னும் நல்லது. ஆண்கள் பார்க்கிறார்கள் என்றே பாதிப் பேர் ஓரமாக நின்றுவிடுகிறார்கள்.

ஒரு கட்டாய விதி: எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், அல்லது திறந்த இடம். வருபவரின் பின்னணியைப் பள்ளி விசாரிக்கும், அதற்கு மனம் கோணக் கூடாது.

#10 தசைநார்

ஃபிஸியோதெரபிஸ்ட். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்மாடி, உங்கள் ஜிம் காலை 11 மணிக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்து எல்லா ஜிம்மும் 11 முதல் 4 வரை காற்றாடும். விளக்கு எரியும், ஏசி ஓடும், ஒரு டிரெய்னர் போன் பார்த்துக்கொண்டிருப்பார். வாடகை அந்த ஐந்து மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். அதே நேரத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஓய்வு பெற்றவர்கள்.

என் கிளினிக்குக்கு இடுப்பு எலும்பு முறிந்து வருபவர்களில் பெரும்பாலோர் விபத்தில் அடிபட்டவர்கள் இல்லை. குளியலறைக்குப் போகும் வழியில் தடுக்கியவர்கள். அவர்களுக்கு அதற்கு முந்தைய வருடம் தொடையில் வலு இருந்திருந்தால், சமநிலைப் பயிற்சி இருந்திருந்தால், பலர் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்கள். இது என் ஊகம் மட்டும் இல்லை. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2019-ல் வெளியிட்ட தொகுப்பு 108 சோதனைகளை, 23,000-க்கும் மேற்பட்ட முதியவர்களைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழும் வீதம் 23% குறைவு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் அதன் சோதனைகளில் 35% குறைத்தது. அதற்குத் தேவைப்பட்ட கருவி, கணுக்காலில் கட்டும் எடைப் பட்டை. அவ்வளவுதான்.

வயதாகிவிட்டதே, எடை தூக்கலாமா என்பார்கள். மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவர் 1990-ல் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 10 பேருக்கு, சராசரி வயது 90, எட்டு வாரம் கால் வலுவுக்குக் கனமான பயிற்சி கொடுத்தார். முடித்தவர்கள் 9 பேர். அவர்கள் கால் வலு சராசரியாக 174% கூடியது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதே இல்லை.

65-க்கு மேல் உள்ளவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது வலுவும் சமநிலையும் கலந்த பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இதை முறையாகச் சொல்லிக்கொடுக்க இடமும் ஆளும் எடையும் யாரிடம் இருக்கிறது? உங்களிடம். குழந்தைகள் இல்லத்துக்குப் பணம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதை உங்களைப் போன்றவர்கள்தான் கொடுக்க முடியும்.

சேர்ப்பதற்கு முன் பார்-க்யூ பிளஸ் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் ஏழு கேள்வி: இதய நோய், இரத்த அழுத்தம், நெஞ்சு வலி, மயக்கம், மூட்டுப் பிரச்சினை மாதிரி. ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் அடுத்த பக்கங்களையும் நிரப்ப வேண்டும், தேவைப்பட்டால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும். இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மெம்பர் அல்லாதவர் அடிபட்டால் உங்கள் பாலிசி தாங்குமா என்று.

#11 முட்டிதேய்ந்தவர்

வயது 71. டாக்டரம்மா சொன்ன ‘11 மணிக்குச் சும்மா உட்கார்ந்திருப்பவன்’ நான்தான்.

தம்பிக்கு ஒரே கேள்வி. உங்கள் பெயர் இரண்டாம்மாடி. லிஃப்ட் இருக்கிறதா?

#12 இரண்டாம்மாடி

இல்லை ஐயா.

#13 முட்டிதேய்ந்தவர்

அதுதான் பார்த்தேன். மாடி ஏற வலு வருவதற்கு வகுப்பு, வகுப்புக்கு வருவதற்கு மாடி ஏற வேண்டும்!

மனம் தளர வேண்டாம். கீழே ஏதாவது கூடம் இருக்குமே, நூலகம், குடியிருப்போர் சங்கக் கட்டடம், எதுவாவது. இன்னும் இரண்டு விண்ணப்பம். பாட்டை மெதுவாக வையுங்கள், சொல்லிக்கொடுப்பது காதில் விழ வேண்டும். ‘சூப்பர் தாத்தா’ என்று எவனும் கைதட்டக் கூடாது. நாற்பது வருடம் வேலை பார்த்தவன், நாற்காலியிலிருந்து எழுந்ததற்குக் கைதட்டினால் எரிச்சல் வருகிறது.

#14 தசைநார்

ஐயா, நான் டாக்டரம்மா இல்லை, தெரபிஸ்ட். லிஃப்ட் கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை, வெட்கமாக இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நேரான நாற்காலி, சுவரோடு ஒட்டிப் போட்டது. கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

#15 முட்டிதேய்ந்தவர்

8. மனைவி எண்ணினாள். ஒன்பதாவதில் பாதியில் நின்றதைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டாள்.

#16 தசைநார்

70 முதல் 74 வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழ் என்றால் சராசரிக்குக் குறைவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை. பயப்பட ஒன்றும் இல்லை, இது ஏறக்கூடிய எண்.

#17 காலைப்பனி

மாடி ஏற முடியாதவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. லண்டனில் ஐவோ கோர்ம்லி 2009-ல் தொடங்கிய குட்ஜிம். அதன் உறுப்பினர்கள் ஓடிப்போய் ஏதாவது வேலை செய்துவிட்டு ஓடி வருவார்கள். தோட்டத்தில் மண் வெட்டுவது, தனியாக வாழும் முதியவர் வீட்டில் கனமான சாமானை நகர்த்துவது. எடை தூக்குவதற்கு ஜிம்மில் இரும்பைத் தூக்கி அதே இடத்தில் வைக்கிறோம், அதைவிட ஒருவர் அலமாரியைத் தூக்கி வைத்தால் என்ன என்பதுதான் யோசனை. சிலர் வாரா வாரம் ஒரே முதியவரைப் பார்க்க ஓடுகிறார்கள். அந்த முதியவரை அங்கே ‘கோச்’ என்றுதான் அழைப்பார்கள், ஏனென்றால் அவர் காத்திருக்கிறார் என்பதால்தான் இவன் மழையிலும் ஓடுகிறான்.

#18 முட்டிதேய்ந்தவர்

கோச். இந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது.

#19 நிழல்

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை.

பதினாறு வயதில் ஒரு ஜிம் எனக்கு இலவச இடம் கொடுத்தது. அப்பா இல்லை, வீட்டில் கஷ்டம். அங்கே கற்றுக்கொண்டதுதான் இன்றுவரை என்னை நிமிர்த்தி வைத்திருக்கிறது, அந்த நன்றி உண்டு. ஆனால் சேர்ந்த இரண்டாவது வாரம் என்னை நிற்க வைத்து, ஓனர் ஒரு கவரைக் கொடுப்பது போல் படம் எடுத்தார்கள். கவரில் ஒன்றும் இல்லை. படத்தை வாசலில் பெரிதாக மாட்டினார்கள், ‘வசதியற்ற மாணவருக்கு உதவி’ என்று. என் வகுப்புப் பையன்கள் அந்த வழியாகத்தான் டியூஷன் போவார்கள். நான்கு மாதம் பின்வாசல் வழியாகப் போனேன். அப்புறம் போவதை விட்டேன். மறுபடி ஒரு ஜிம்முக்குள் நுழைய ஏழு வருடம் ஆனது, காசு கட்டி.

இலவசம் கொடுப்பதாக இருந்தால், அவருடைய அட்டையும் மற்றவர் அட்டையும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். கவுண்டரில் இருப்பவருக்குக்கூட யார் காசு கட்டினார், யார் கட்டவில்லை என்று தெரிய வேண்டாம்.

#20 குதர்க்கம்

@நிழல் இதற்கு என்னிடம் குதர்க்கம் எதுவும் இல்லை.

#21 இன்றைக்குமட்டும்

குடியை விட்டு ஒரு வருடமும் கொஞ்ச நாளும் ஆகிறது. அமெரிக்காவில் தி ஃபீனிக்ஸ் என்று ஒரு அமைப்பு, குடியிலிருந்து மீண்ட ஸ்காட் ஸ்ட்ரோட் 2006-ல் கொலராடோவில் தொடங்கியது. அங்கே பயிற்சி வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. 48 மணி நேரம் குடிக்காமல், போதை எடுக்காமல் இருந்திருக்க வேண்டும், அதுதான் நுழைவுச்சீட்டு.

எங்களுக்குச் சாயங்காலம் ஆறு முதல் எட்டுதான் கண்டம். பழைய நண்பர்கள், பழைய இடம், கால் தானாகவே அங்கே போகும். அந்த நேரத்தில் போக வேறொரு இடம் இருந்தால் போதும். அது உங்களுக்குப் பீக் ஹவர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மூலை, நாலு பேருக்கு. யோசித்துப் பாருங்கள்.

#22 துடிப்பு

ஆம்புலன்ஸில் வேலை. ரொம்பச் சுருக்கமாக: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி, சொல்லிக்கொடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5-6 சென்டிமீட்டர். புஷ்-அப் எடுக்கும் ஆட்களுக்குக்கூட இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும், அதனால் மாறி மாறிச் செய்யப் பழக வேண்டும். இதயம் நின்ற ஒருவருக்கு எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10% வரை குறைக்கிறது, நாங்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும் சில நிமிடம் ஆகும். ஜிம்மில் ஒரு ஏஇடி கருவி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது) வாங்கி மாட்டுங்கள், பூட்டாமல். உங்களிடம் அது இருப்பது கீழ்த்தளக் கடைக்காரருக்கும் தெரியட்டும்.

#23 இரண்டாம்மாடி

எல்லோருக்கும் நன்றி. டி-ஷர்ட் ஆர்டரை நிறுத்திவிட்டேன், முன்பணம் போனது போனதுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப்போவதில்லை. என் மூத்த டிரெய்னர் ‘அண்ணா, ஒன்றைப் பிடிப்போம், அது ஆறு மாதம் ஓடினால் அடுத்தது’ என்றார். முதியவர் வகுப்பு. கீழே இடம் தேடுகிறேன். நடந்ததை வந்து சொல்கிறேன்.

#24 இரண்டாம்மாடி (ஐந்து மாதம் கழித்து)

சொன்னபடி வந்துவிட்டேன். இடையில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

நூலகக் கட்டடத்தின் தரைத்தளக் கூடம் கிடைத்தது. செவ்வாய், வெள்ளி 11 மணி. மூன்றாவது நாளுக்கு வீட்டில் செய்ய ஒரு தாள் கொடுக்கிறோம், செய்கிறார்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். பெயர் கொடுத்தவர்கள் 19 பேர். முதல் நாள் வந்தவர்கள் 6. இப்போது 13, 14 பேர் நிலையாக வருகிறார்கள். டிரெய்னர் கூலியை 1% நிதியிலிருந்து கொடுக்கிறேன். கணக்குத் தாள் தண்ணீர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முதல் தாளில் நானே கூட்டலில் தப்புவிட்டு, ஒரு மெம்பர் பேனாவால் திருத்தி வைத்திருந்தார். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

தவறும் நடந்தது. இரண்டாவது மாதம் டிரெய்னருக்குக் காய்ச்சல். வகுப்பு இல்லை என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு பேரிடம் வாட்ஸ்அப் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அதில் ஒரு அம்மா அதற்குப் பிறகு வரவே இல்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், ‘பரவாயில்லை தம்பி’ என்றார், ஆனால் வரவில்லை. இப்போது மாற்று ஆள் இல்லாமல் வகுப்பு வைப்பதில்லை. அவசரம் என்றால் ஒவ்வொருவருக்கும் போன்.

படம் எடுப்பதில்லை. ஜிம்முக்குள் உதவிச் சந்தாவும் தொடங்கினோம், நாலு பேருக்கு. அட்டை ஒரே நிறம். யார் யார் என்று எனக்கும் மூத்த டிரெய்னருக்கும் மட்டும்தான் தெரியும்.

டிரெட்மில்லைப் பழைய மெஷின் எடுப்பவரிடம் விற்று, விசில் டீச்சர் சொன்னபடி பள்ளிக்குப் பாய், கயிறு, இரண்டு செட் டம்பெல் வாங்கினோம். பெண் டிரெய்னர் புதன்கிழமை போகிறார், ஆசிரியை ஒருவர் கூடவே இருக்கிறார். சாயங்கால மூலை மட்டும் இன்னும் முடியவில்லை @இன்றைக்குமட்டும், பீக் ஹவரில் இடமே இல்லை. மறக்கவில்லை.

குதர்க்கம் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வகுப்புக்கு வருபவர்களின் பிள்ளைகள் மூன்று பேர் ஜிம்மில் சேர்ந்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் தசைநார் அக்கா. நூலக நாற்காலிகள் எல்லாம் கைப்பிடி வைத்தவை, கொஞ்சம் உயரமும்கூட. எண்ணிக்கையில் வித்தியாசம் வருமா?

#25 குதர்க்கம்

மூன்று பேர்தானா? மார்க்கெட்டிங் பலவீனம்.

#26 தசைநார்

வரும். சோதனைக்கு இருக்கை 43 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். உயரம் கூடினால் எழுவது சுலபம், எண் பொய் சொல்லும். பயிற்சிக்கு உயரமான நாற்காலியும் கைப்பிடியும் நல்லதுதான், வலு குறைந்தவர்கள் அதில் தொடங்கட்டும். சோதனைக்கு மட்டும் சரியான நாற்காலி ஒன்று வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

#27 முட்டிதேய்ந்தவர்

நான் உங்கள் ஊர் இல்லை தம்பி, அதனால் வகுப்புக்கு வரக் கொடுத்துவைக்கவில்லை. அந்த அக்கா சொன்ன நாற்காலிப் பயிற்சியை வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், திண்ணையில் மூன்று நாற்காலி.

நேற்று 11. மனைவிதான் எண்ணினாள்.

#28 தசைநார்

பன்னிரண்டாவது?

#29 முட்டிதேய்ந்தவர்

பாதியில் நின்றது. சேர்க்க மாட்டாளாம்.